எண் அட்டையின் பின்பக்கம்

டிசம்பர் 3, புதன்

இன்று எட்டு கிலோமீட்டர். நாற்பத்தொரு நிமிடம். ஓடியது நான். கைக்கடிகாரம் பத்மஜா மேடத்துடையது. ஆகவே ஓடியது மேடம்.

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கிறது. எனக்கு வாய் வராது. மேடம் குப்பையில் போடச் சொன்ன கம்பெனி டைரி ஒன்று எழுதாமலே கிடந்தது. தேதிகள் பழசு. அவற்றை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பெருங்குடியில் பதினாலு மாடி அபார்ட்மென்ட். அம்மாவுக்கு அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, பத்தாவது பாதியில், அவள் இடத்துக்கு நான் துடைப்பம் பிடிக்கப் போனேன். இரண்டு மாதம் என்றுதான் பேச்சு. இரண்டு வருடம் ஆகப் போகிறது. இப்போது ஒன்பதாவது மாடியில், மேடம் வீட்டில் வேலை.

மேடம் பெரிய கம்பெனியில் பெரிய பதவி. பிப்ரவரி மராத்தானில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப் போவதாக ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அப்புறம் முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. மூன்று மாதம் ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இதை மேடம் ஆபீசில் சொல்லவில்லை. தினமும் விடிகாலை என் கையில் கடிகாரத்தைக் கட்டிவிடுகிறார்.

“சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வா யுவா. நீ ஸ்கூல்ல ஓடுனவதானே.”

கடிகாரம் போனுக்குச் சொல்கிறது. போன் ஊருக்கெல்லாம் சொல்கிறது. நான் திரும்பி வந்து பாத்திரம் தேய்க்கும்போது, சாப்பாட்டு மேசையில் மேடத்தின் போன் டிங் டிங் என்று பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

பதினொரு கிலோமீட்டர். மேடத்துக்கு நாற்பத்திரண்டு லைக்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று திட்டு.

“என்னடி இது, கிலோமீட்டருக்கு அஞ்சு நிமிஷம்? எனக்கு நாப்பத்தஞ்சு வயசுடி. எவ நம்புவா? ஏழு நிமிஷத்துக்குக் கொறஞ்சு வராதே.”

மெதுவாக ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து காபி குடிப்பவர்களுக்குத் தெரியாது. தொடை கெஞ்சுகிறது. மூச்சு, வேலையில்லாமல் நிற்கிறது. ரேடியல் சாலை நடைபாதையில் தொந்தி வைத்த மாமாக்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஒருவர் “கமான் மா, கமான்” என்று தட்டிக் கொடுத்துவிட்டு வேறு போனார்.

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். இப்போது கடிகாரத்தைப் பார்க்காமலே என் வேகத்தைச் சொல்லிவிடுவேன். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தப்பாது.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆபீஸ்காரர்கள் ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மேடம் சோபாவில் சாய்ந்து, முட்டி மேல் குஷனை வைத்து மறைத்துக்கொண்டு பேசினார். “எழுந்துக்கிறதுதாங்க கஷ்டம். எழுந்து ஷூ மாட்டிட்டா கால் தானா போயிடும்.”

என் ஷூ மேடத்தின் பழைய ஷூ. முன்னால் துணி அடைத்துப் போடுகிறேன். தானாக எங்கேயும் போனதில்லை.

காபி கொடுத்தபோது ஒரு பெண், “உங்க வீட்டுப் பொண்ணு பேசவே மாட்டாளா?” என்று கேட்டார்.

“வாயே தொறக்க மாட்டா. தங்கம்” என்றார் மேடம்.

தங்கமாம். உள்ளே போய் டிகாஷன் சட்டியை டமால் என்று போட்டேன். கை நழுவிவிட்டது.

ஜனவரி 10, சனி

ரமணன் சார் (மேடத்தின் கணவர்) கதவைச் சாத்தினார். மேடம் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்தது இல்லை.

மராத்தான் அன்று நான் அவர் எண்ணைக் குத்திக்கொண்டு ஓட வேண்டும். எண் அட்டைக்குள் ஒரு சிப் இருக்குமாம். கோடுகளைத் தாண்டும்போது அது நேரத்தைப் பதிந்துகொள்ளும்.

“கூட்டத்துல யாரு யாரைப் பாக்கப் போறா? ரெண்டு மணி இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துடு. நான் கார்ல அங்க வந்து நிக்கிறேன். மெடலை மாட்டிக்கிட்டு ஒரு போட்டோ. அவ்ளோதான். நீயும் ஒரு பெரிய ரேஸ் பாத்த மாதிரி இருக்கும்ல?”

தலையாட்டினேன். மேடம் கேட்டதால்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

துணி காயப் போடும்போது, ஒன்றே முக்கால் மணி நேரத்தை இருபத்தொன்றால் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் லீவு. மேடத்தோடு கடிகாரமும் ஊருக்குப் போய்விட்டது. வெறும் கையோடு ஓடினேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. இதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஜனவரி 31, சனி

எண் அட்டை வந்துவிட்டது. பிப் என்கிறார்கள். முன்பக்கம் 4217. கீழே பெரிய எழுத்தில் பத்மஜா. பின்பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள்: ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர், போன் எண்.

மேடம் பேனாவை எடுத்து, மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எங்கயாவது மயங்கி விழுந்துட்டன்னு வை, இவருக்குப் போன் போட்டாங்கன்னா மொத்தமும் நாறிடும். உங்க அம்மா நம்பர் சொல்லு.”

சொன்னேன். அம்மா எண்ணில் மூன்று ஏழு வரும். பிரிட்ஜில் ஒட்டும் காய்கறி லிஸ்டில் போடுவது போலவே மூன்றுக்கும் இடுப்பில் ஒரு கோடு இழுத்து எழுதினார். பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘அம்மா, கஸ்தூரி’ என்று எழுதினார். என் ரத்த வகையைக் கேட்டார். ஓ பாசிட்டிவ்.

ஓடினால் அவர் பெயர். விழுந்தால் என் அம்மா எண்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோபத்தில் எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. ஒன்றொன்றாக எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு நேப்பியர் பாலத்தில் தொடக்கம். இத்தனை பேரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. தைல வாசனை மூக்கை எரித்தது. பெண்களுக்கு நான்கு கழிப்பறைப் பெட்டிகள்தான் வைத்திருந்தார்கள், அதற்கு ஒரு தெரு நீளத்துக்கு வரிசை. பக்கத்தில் நின்ற அக்கா என் மார்பைப் பார்த்துவிட்டு, “பத்மஜாவா? பேரு பெரிசு, ஆளு சிறுசா இருக்கியே” என்று சிரித்தார். நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

முதல் மூன்று கிலோமீட்டர் ஏழு நிமிடக் கணக்கில்தான் போனேன். சத்தியமாக. பட்டினப்பாக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னாத்துக்குடி இத்தினி பேரு ஓடுறாங்க? தண்ணி லாரி எதுனா வந்துகீதா?”

“தண்ணி லாரின்னா நம்ம இன்னும் வேகமா ஓடுவோம்டி!”

சிரித்துவிட்டேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீர் கொடுக்கும் இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஓடி வருபவர்களின் அட்டையைப் படித்துப் பெயர் சொல்லிக் கத்த வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. “சூப்பர் பத்மஜா!” “விடாத பத்மஜா!” “பத்மஜா அக்கா மாஸ்!” அடுத்த மேசையில் பத்துப் பேர். அதற்கடுத்த மேசையில் இன்னும் பத்துப் பேர். என் முகத்தைப் பார்த்து, என் கண்ணைப் பார்த்து, பத்மஜா. என் வாழ்நாளில் இத்தனை பேர் எனக்காகக் கத்தியதில்லை. அதில் ஒன்று கூட எனக்கு இல்லை.

அந்தப் பெயரைச் சொல்கிறவர்களைத் தாண்டிப் போனால் போதும் என்றிருந்தது. தாண்டினால் அங்கேயும் ஒரு மேசை. அதையும் தாண்டினேன். அடையாறு பாலத்தில் நின்ற பெண் போலீஸ் மட்டும் அட்டையைப் பார்க்காமல், “ஓடு கண்ணு, ஓடு” என்றார். அதற்காகக் கொஞ்சம் ஓடினேன்.

பெசன்ட் நகரில் திரும்பியதும் வெயில் முகத்தில் அடித்தது. பதினைந்தாவது கிலோமீட்டரில் வண்டி மேல் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. 1:11:40 என்று காட்டியது.

முடிவுக் கோட்டைத் தாண்டினேன். கழுத்தில் மெடல் மாட்டினார்கள். மைக்கில் ஒருவர் அலறினார். “நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் முதலிடம்! பத்மஜா! ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி!”

உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து மேடம் வந்தார், என்னுடையது போலவே நீல பனியன், நெற்றியில் பாட்டில் தண்ணீர் தெளித்த வியர்வை.

“லூசாடி நீ? யாரு உன்ன இப்படி ஓடச் சொன்னது?”

“தெரியல மேடம். கடிகாரம் பாக்கல.”

“இப்ப என்ன பண்றது? கப்பு வாங்கக் கூப்புடுறாங்க. ஆபீஸ்ல பாதிப் பேரு வந்து நிக்கிறாங்க.”

போகாமல் இருந்திருக்கலாம். முட்டி வலி என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும் கூட. என் பனியனிலிருந்து நான்கு ஊக்கையும் கழற்றி, அட்டையைத் தன் மேல் குத்திக்கொண்டு, மெடலை மாட்டிக்கொண்டு, மேடை ஏறினார். கையைத் தூக்கிக் காட்டினார். நான் அவர் கைப்பையை வைத்துக்கொண்டு கீழே நின்றேன். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. உட்கார இடம் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

கோப்பை, மெடல், எண் அட்டை மூன்றையும் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஹாலில் மாட்டியாகிவிட்டது. தினமும் துடைக்க வேண்டிய பொருள்களில் ஒன்று கூடியிருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

அபார்ட்மென்ட் சங்கத்தில் மேடத்துக்குப் பாராட்டு விழா. மாலை, சால்வை. மேடம் மேடையில் நொண்டியதைப் பார்த்து, “அப்படி ஓடியிருக்காங்க பாவம்” என்றார் செயலாளர்.

விழா முடிந்ததும் கீழே சிந்திய சம்பங்கிப் பூவைப் பெருக்கியது அம்மா. “எவ்ளோ பூவுடி” என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் பெருக்குகிறாள். எனக்கு அம்மா மேல்தான் முதலில் கோபம் வந்தது. அப்புறம் முறத்தை வாங்கி நான் அள்ளினேன்.

பிப்ரவரி 11, புதன்

மாட்டிக்கொண்டார்கள். அதாவது, மாட்டிவிட்டார்கள். என்னை.

வழியெல்லாம் போட்டோக்காரர்கள் நின்றிருக்கிறார்கள். இணையத்தில் ஒரு எண்ணைப் போட்டால் அந்த எண் ஓடிய படமெல்லாம் வருமாம். 4217 என்று போட்டால் பதினோரு படம். பதினொன்றிலும் நான். இரண்டாவதாக வந்த கோமளா என்கிற வங்கிக்காரர் புகார் கொடுத்துவிட்டார். கோப்பையையும் எண் அட்டையையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை விசாரணைக்கு வரும்படி மராத்தான் நடத்தியவர்களிடமிருந்து மேடத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது.

ரமணன் சார் தமிழில் ஒரு தாள் அச்சடித்து என் முன்னால் வைத்தார். அப்படியே எழுதுகிறேன்:

‘நான் மேடத்துக்குத் தெரியாமல் அவருடைய எண் அட்டையைத் திருடிக்கொண்டு போய் ஓடினேன். மேடம் அதைக் கண்டுபிடித்து வாங்கிக்கொண்டார். பரிசு அறிவித்தபோது குழப்பத்தில் மேடை ஏறிவிட்டார். என்னை மன்னிக்கவும்.’

கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர்.

“நீ சின்னப் பொண்ணு. உன்ன யாரு என்ன பண்ணப் போறா? ஒரு வார்னிங்கோட விட்டுடுவாங்க” என்றார் சார். மேடம் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே, “உங்க அம்மா வேலை செய்யிற இடம் இது. யோசிச்சுக்கோ” என்றார்.

இந்த வீட்டில் மோதிரம் சோப்புக் கிண்ணத்தில் கிடந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பீரோ சாவி கதவிலேயே தொங்கியிருக்கிறது. பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஊக்கு எடுத்ததில்லை. திருடினேனாம்.

பிப்ரவரி 12, வியாழன்

அம்மா: “போட்டுடேன் யுவா. கையெழுத்துதானே. கையா கேக்குறாங்க?”

ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 14, சனி

அம்மாவும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். அவளை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கே கோமளா அக்காவும் இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“கப்பு எனக்குத்தான் வரணும். அதை விட மாட்டேன்” என்றார். அப்புறம், “ஆனா பத்து கிலோமீட்டர் உன் முதுகைப் பாத்துட்டேதான் வந்தேன். புடிக்க முடியல. மேடையில அந்தம்மா முதுகைப் பாத்தேன், அது வேற முதுகு” என்றார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் குணவதி மேடம். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு காலத்தில் ரயில்வேக்காக ஓடியவராம். மேசை மேல் கண்ணாடிச் சட்டம் அப்படியே இருந்தது. நேற்று நான்தான் துடைத்தேன். பக்கத்தில் ரமணன் சாரின் தாள். கையெழுத்து இல்லை.

“கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம். இங்கயே போட்டுடுவா” என்று சார் பேனாவை நீட்டினார்.

“படிச்சுப் பாத்தியாம்மா?” என்று குணவதி மேடம் என்னைக் கேட்டார்.

“அவ பேச மாட்டா மேடம்” என்றார் சார்.

“நான் அவளக் கேட்டேன்.”

பேனா என் முன்னால் இருந்தது. கோடும் இருந்தது. அம்மாவுக்கு இருபது நாள் சம்பளம் பாக்கி என்பதும், மேடத்தின் கையில் இன்னும் அந்தக் கடிகாரம் கட்டியிருப்பதும் தெரிந்தன. சட்டத்துக்குள் 4217 நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பின்னாடி” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அத வெளிய எடுத்து, பின்னாடி திருப்பிப் பாருங்க.”

பத்மஜா மேடம் சட்டென்று நிமிர்ந்தார். அவர் அதை மறந்தே போயிருந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

குணவதி மேடம் சட்டத்தைக் கவிழ்த்து, நான்கு கம்பிகளையும் நிமிர்த்தி, அட்டையை உருவினார். படித்தார். போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

கதவுக்கு வெளியே அம்மாவின் போன் அடித்தது.

“அலோ!” அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. “யாருங்க? பி பிளாக்கா? இன்னிக்கு நான் லீவுங்க! லிப்டாண்ட எதுனா கொட்டிடுச்சா?”

குணவதி மேடம் போனை வைத்தார்.

“திருடிட்டுப் போற பொண்ணு, அம்மா நம்பரை எழுதி வச்சுட்டா போவா?”

“அவளே எழுதியிருப்பா” என்றார் சார்.

குணவதி மேடம் ஒரு படிவத்தைத் தேடி எடுத்தார். எண் அட்டை வாங்கும்போது பத்மஜா மேடம் கையால் நிரப்பியது. அதிலும் போன் எண். அதிலும் ஏழு. இடுப்பில் கோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாரின் பக்கமாகத் திருப்பினார்.

நான் எழுந்து நின்றேன். நிற்கச் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசினால் வராது என்று தோன்றியது.

“வேற பேர்ல ஓடுனது தப்புதான். அதுக்கு என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க. திருடல.”

அவ்வளவுதான் வந்தது. சொல்ல நிறைய இருந்தது. வெளியே வந்ததும் அம்மா, “யாரோ போன் பண்ணி வச்சுட்டாங்கடி, பேசவே இல்ல” என்றாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை முதல் வர வேண்டாம் என்று என்னிடம் வாட்ச்மேன் சொன்னார். மேடம் சொல்லவில்லை. அம்மாவை நாவலூரில் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ். சங்கத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. சால்வை போர்த்தியவர்கள்தானே, எப்படிக் கேட்பார்கள்?

பழைய ஷூவைப் பையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். அடைத்திருந்த துணி மட்டும் என்னுடையது. எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தபாலில் தீர்ப்பு வந்தது. பத்மஜா மேடத்துக்கு மூன்று வருடம் தடை. கோப்பை கோமளா அக்காவுக்கு. எனக்கு ஒரு வருடம் தடை. முடிவுப் பட்டியலிலிருந்து 4217 என்ற வரியையே எடுத்துவிட்டார்களாம். அன்று அந்த எண்ணில் யாரும் ஓடவில்லை.

கோபத்தில் தாளைக் கசக்கப் போனேன். சொன்னவர்களுக்கு மூன்று வருடம், சொன்னதைச் செய்தவளுக்கு ஒரு வருடம். அவர்கள் அந்த மூன்று வருடமும் சோபாவில் சாய்ந்திருப்பார்கள். எனக்கு இது ஒரு வருடம். கசக்குவதற்கு முன் இரண்டாம் பத்தி கண்ணில் பட்டது.

‘மேற்படி எண்ணில் உண்மையில் ஓடியவர்: க. யுவராணி. வயது 17. நேரம்: 1:38:12.’

எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

அம்மா நாவலூரிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். “என்னடி அது, சர்டிபிகேட்டா?”

“தண்டனை.”

“உன் பேரு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“ஓடுன டைமு?”

“அதுவும்.”

“அப்ப லேமினேஷன் பண்ணிடு. மழை வந்தா இந்த வீடு ஒழுகும்.”

பிப்ரவரி 25, புதன்

தெரு முனையிலிருந்து ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். செருப்பில்லாமல். தூரம் தெரியாது. நேரம் தெரியாது. ஓடியது யுவராணி.